சிவப்பு ரின்

கிரானிலிருந்து ட்ரக்டரில் வந்தது பெயின்ற்.
நாலு ரின். நாலும் சிவப்பு.
"பச்சைக்குள்ள சிவப்புத்தான் எடுப்பாத் தெரியும்"
என்றார் திணைக்களத்து மேகராசா.
இரண்டு இஞ்சித் தூரிகை ஒன்று,
அம்பு வெட்டிய தகரத் தகடு ஒன்று,
நாட்கூலி, மத்தியானச் சோறு.
குடும்பிமலை உச்சிவரை
நூறு மீற்றருக்கு ஓர் அம்பு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்வதென்றால்
முழங்காலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஆறு வருடம்
இந்த முழங்காலில் நின்றுதான்
இந்த அடிவாரத்து மண்ணை அரித்தேன்.
ஒரு மீற்றர் அகலம். முகத்துக்குக் கண்ணாடி மூடி.
வியர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்க ஏலாது.
வெள்ளைத் தடி: வா.
சிவப்புத் தடி: உயிர் வேணுமெண்டால் நில்.
தும்பி மட்டும்
இரண்டு பக்கமும் போய் வந்தது.

முதல் அம்பை ஒரு பாலை மரத்தில் வைத்தேன்.
தகட்டை எடுத்ததும்
கால் தானாகப் பின்னுக்கு வந்தது.
"என்ன கா, மரம் கடிக்குதா?"
மேகராசா மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

நாலாவது முதிரையில்.
ஐந்தாவது, யானை முதுகு தேய்த்த கல்லில்.
அதற்குப் பிறகு மரம் குறைந்து பாறை.
வெயில் பட்ட பாறையில்
பெயின்ற் வைத்த கையோடு காய்கிறது.
காற்சட்டை மடிப்பில் உண்ணி பொறுக்கினேன்,
விரல் சிவப்பு,
எது பெயின்ற் எது இரத்தம் என்று
நக்கிப் பார்க்கவா முடியும்.

மறுகா, பட்டிக்காரர் வந்தார்கள்.
வன்னியசிங்கமும் மருமகனும்
நூற்றிப்பத்து மாடும்.

பாலை மரத்தடியில் வன்னியசிங்கம் நின்றான்.
கையைத் தூக்கினான்.
மாடு நின்றது.
மணிச் சத்தம் நின்றது.
ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு முழுப் பட்டியும்
வலப்பக்கப் பற்றைக்குள் இறங்கி,
காரை முள் கீற, ஈச்சை கிழிக்க,
அம்புக்கு அம்பு விலகி விலகி
இருபது முழம் தள்ளி
இன்னொரு பாதை போட்டது.

மேலே பாறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூப்பிட்டிருக்கலாம்.
அந்தப் பக்கமும் நாங்கள் அரித்த பக்கம்தான் என்று
கத்தியிருக்கலாம்.
தூரிகையைப் பிடித்த கை தூக்க வரவில்லை.

ஞாயிறு, கொழும்பிலிருந்து பன்னிரண்டு பேர்.
ஊன்றுகோல், தண்ணீர்ப் பை, வெயிலுக்குப் பூசிய முகம்.
சிவப்பைத் தொட்டுத் தொட்டு ஏறினார்கள்.
ஒரு பிள்ளை அம்புக்குப் பக்கத்தில்
ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்தாள்.
அவள் நின்ற மண்ணை எனக்குத் தெரியும்,
கைப்பிடி கைப்பிடியாகத் தெரியும்.
"மற்றக் காலையும் வையும் பிள்ளை, பயமில்லை"
என்று வாய்வரை வந்தது.
அவளுக்குப் பயமே இருக்கவில்லை.

திங்கள் செங்கலடிக்குப் போய்
ஒரு ரின் வெள்ளை வாங்கினேன். சொந்தக் காசு.
"மதிப்பீட்டில் சிவப்பெண்டுதான் கிடக்கு"
என்றார் மேகராசா,
கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
முழங்காலைப் பார்த்தாரோ தெரியாது.
"உன்ட இஷ்டம்" என்றார்.
இரண்டு பூச்சு அடித்தும்
வெள்ளைக்கடியில் சிவப்பு
றோஸ் நிறமாய்க் கிடக்கிறது.

மாடு திரும்பி வரவில்லை.
வன்னியசிங்கம் சொன்னான்:
"அங்கால நிழல் கூட. பள்ளத்தில தண்ணியும் கிடக்கு.
இனி அதுகள் கேக்காது."

கடைசி அம்பு உச்சியில்.
எந்தப் பக்கம் காட்ட?
தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பினேன்.
அதற்கு மேல் காற்றும் ஒரு பருந்தும்.
கீழே இரண்டு வழி தெரிந்தது:
என்னுடையது, அளந்த நேர்.
மற்றது,
நூற்றிப்பத்து உடம்பு நினைத்த வளைவு.

தகட்டைச் சுருட்டி ரின்னுக்குள் செருகிக்கொண்டு
மாட்டு வழியால் இறங்கினேன்.
இத்தனை குளம்பு மிதித்த மண்ணை
அரித்துப் பார்க்கத் தேவையில்லை.

என்றாலும்
பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன்.